சிலிண்டர் பவர் லென்ஸ்: எது பழகும், எது பழகாது

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் கேட்டிருப்பது இது. ஒன்பது நாட்களுக்கு முன் முதன்முறையாகச் சிலிண்டர் பவருக்கான மென்மையான காண்டாக்ட் லென்ஸ் வாங்கியிருக்கிறார். மாதம் ஒருமுறை மாற்றும் வகை. கண்ணாடிச் சீட்டில் வலக் கண்ணுக்கு மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 2.00, ஆக்சிஸ் 10. இடக் கண்ணுக்கு மைனஸ் 2.50, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆக்சிஸ் 170. ஆனால் வலக் கண் லென்ஸ் பெட்டியில் சிலிண்டர் 1.75 என்று இருக்கிறது. தவறான லென்ஸைக் கொடுத்துவிட்டார்களா என்று சந்தேகம். முதல் மூன்று நாள் தரை மேடேறி வருவதுபோல் இருந்தது, இப்போது இல்லை. வலக் கண்ணில் மட்டும் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் எழுத்து கலைந்து, பிறகு கூடுகிறது. மாலை நான்கு மணிக்கு இரண்டு கண்களும் காய்ந்துவிடுகின்றன. இரவில் ஸ்கூட்டரில் வரும்போது எதிர்வண்டி விளக்குகள் சாய்வாக இழுபடுகின்றன. கடையில் கேட்டால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். எத்தனை நாள் பொறுப்பது?

அம்மணி, நான் ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். எல்லாத் தொந்தரவுக்கும் "பழகிவிடும்" என்ற ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் தரும் விஷயம். உங்கள் பட்டியலில் சில பழகக்கூடியவை, சில பழகவே பழகாதவை. தரை மேடேறியது பழக வேண்டியது; பழகியும்விட்டது. நான்கு மணி வறட்சியை நீங்கள் வேலை செய்யும் விதத்தை மாற்றிக் குறைக்கலாம். 1.75 சரியான எண்தான், பயப்பட வேண்டாம். ஆனால் வலக் கண்ணில் எழுத்து கலைவதும் இரவில் விளக்கு இழுபடுவதும் ஒன்பது நாளில் போகவில்லை என்றால் தொண்ணூறு நாளிலும் போகாது. அங்கே மாற வேண்டியது உங்கள் கண் அல்ல, லென்ஸ்.

ஏன் என்று சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் கார்னியா என்ற தெளிந்த படலம் இருக்கிறது. அது பந்தின் பரப்புபோல் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். உங்களுக்கு அது ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருக்கிறது. அதனால் ஒளி ஒரு புள்ளியில் கூடாமல் சிதறுகிறது. பாடப் புத்தகத்தில் பார்வைச் சிதறல் குறைபாடு என்பார்கள். கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர். நம் பக்கம் கிணற்றில் லாரி டியூபைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காற்றடைத்த டியூபின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றுவாட்டில் அகலமான ஒரு வளைவு, குறுக்குவாட்டில் இறுக்கமான இன்னொரு வளைவு. அந்த டியூபின் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் டோரஸ் என்று பெயர்; உங்கள் லென்ஸுக்கு டோரிக் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

சாதாரண லென்ஸ் கண்ணுக்குள் எப்படிச் சுழன்றாலும் கவலை இல்லை. பந்தை எப்படி உருட்டினாலும் பந்துதான். டோரிக் லென்ஸ் அப்படியல்ல. அது குறிப்பிட்ட ஒரு கோணத்தில் நின்றால்தான் அதன் பவர் உங்கள் கண்ணின் குறைக்கு நேராக உட்காரும். அந்தக் கோணம்தான் சீட்டில் ஆக்சிஸ் என்று எழுதியிருப்பது. 1 முதல் 180 வரை. கண்ணாடியில் இது தொல்லையே இல்லை, பிரேமில் பொருத்தியதும் அசையாது. லென்ஸோ கண்ணீரின் மேல் மிதக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை இமை அதன்மேல் இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் அது தன் கோணத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

திரும்பி வருவதற்கு லென்ஸில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சில நிறுவனங்கள் அடிப்பக்கத்தைத் தடிப்பாக வைக்கின்றன. சில, மேலும் கீழும் மெலிதாக்கிப் பக்கவாட்டில் தடிப்பு வைக்கின்றன. அடிப்பக்கம் கனமாக இருப்பதால் தொங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கனத்தைவிட இமையின் அழுத்தமே இதில் பெரிய வேலை செய்கிறது. நனைந்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் நழுவி ஓடுகிறது அல்லவா? அதேபோல் மேல் இமை இறங்கும்போது தடித்த பகுதி அழுத்தத்திலிருந்து விலகி ஓடி, தனக்கென்று உள்ள இடத்தில் போய் நிற்கிறது. இமை இறுக்கமானவர், தளர்ந்தவர், கண் சாய்வாக அமைந்தவர் என்று ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதால், ஒருவருக்கு அசையாமல் நிற்கும் லென்ஸ் இன்னொருவருக்கு ஆடும். உங்கள் தோழிக்குச் சரியாக இருந்த அதே பெயர் லென்ஸ் உங்களுக்கு ஒத்துவராமல் போவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கோணம் தவறினால் எவ்வளவு நஷ்டம் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். லென்ஸ் 10 பாகை சாய்ந்தால் சிலிண்டர் பவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிழையாகத் திரும்பி வருகிறது. 20 பாகைக்கு மூன்றில் இரண்டு பங்கு. 30 பாகை சாய்ந்தால் முழுப் பவரும் பிழையாகிவிடும். லென்ஸே போடாத அளவு சிதறல், ஆனால் வேறு திசையில். இப்போது உங்கள் இரண்டு கண்களையும் பாருங்கள். இடக் கண்ணின் சிலிண்டர் 0.75. அங்கே லென்ஸ் 10 பாகை சாய்ந்தாலும் பிழை 0.25 அளவுதான், உங்களுக்குத் தெரியக்கூட வராது. வலக் கண்ணில் 1.75. அதே சாய்வுக்கு 0.60 பிழை, இருமடங்கு சாய்ந்தால் 1.20. இரண்டு லென்ஸும் ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருக்கலாம். வலக் கண் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் என்ற விளக்குக் கருவியில் இதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு கடிகாரம்தான் நினைவுக்கு வரும். லென்ஸின் விளிம்பில் மயிரிழை அளவு ஒரு கோடு கீறியிருப்பார்கள். பல லென்ஸ்களில் ஆறு மணி இருக்கும் இடத்தில், சிலவற்றில் மூன்றிலும் ஒன்பதிலும். ஒழுங்காகப் பொருந்திய லென்ஸில் இமை மூடித் திறந்ததும் அந்தக் கோடு லேசாக மேலே ஏறி, அதே இடத்தில் வந்து நிற்கும். ஆடும் லென்ஸில் கோடு ஏழு மணிப் பக்கம் சாய்ந்து, மெல்ல ஊர்ந்து திரும்பும். ஆறுக்கு வந்து நிற்பதற்குள் அடுத்த இமைப்பு வந்துவிடும். கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் இடையே 30 பாகை, ஒரு நிமிடக் கோட்டுக்கு 6 பாகை. அதாவது இரண்டு நிமிடக் கோடுகூட முழுதாகச் சாய வேண்டியதில்லை, உங்கள் வலக் கண்ணில் எழுத்து கலைந்துவிடும்.

இதில் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லென்ஸ் சாய்ந்தே நிற்கிறது, ஆனால் எப்போதும் ஒரே அளவு சாய்ந்து ஆடாமல் நிற்கிறது என்றால், அதைச் சரிசெய்வது சுலபம். அந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்து வேறு ஆக்சிஸில் அதே லென்ஸை வரவழைத்தால் போதும். பவானிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. வீட்டில் ஜமக்காளத் தறி. விரித்துப் போட்ட ஜமக்காளத்தில் ஒரு வாட்டத்துக் கோடுகள் தெளிவாகவும், திருப்பிப் போட்டால் அதே கோடுகள் மங்கலாகவும் தெரிகின்றன என்று அவரே சோதித்துச் சொன்னார். அதைவிட நல்ல சோதனையை நான் செய்திருக்க முடியாது. கோடு 10 பாகை சாய்ந்து அசையாமல் நின்றது. 10 பாகை மாற்றிய லென்ஸைப் போட்டதும் ஜமக்காளம் இரு வாட்டத்திலும் தெளிந்தது. ஆனால் உங்களுக்கு நடப்பது அது இல்லை என்றே தோன்றுகிறது. எழுத்து கலைந்து கலைந்து கூடுகிறது என்றால் லென்ஸ் நிலையாக நிற்கவில்லை. அதற்கு ஆக்சிஸை மாற்றிப் பயனில்லை. வேறு வடிவமைப்பு, வேறு வளைவு அல்லது வேறு நிறுவனத்தின் லென்ஸ்தான் வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து குறித்துக்கொண்டு போங்கள், பேச்சு சுலபமாகும். சுவரில் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். பெரிய தேதியை விட்டுவிட்டு, கீழே ராகுகாலம், எமகண்டம் எழுதியிருக்கும் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து முறை இமையுங்கள். எப்போதும் ஒரே அளவு மங்கல் என்றால் பவரோ கோணமோ தவறு. இமைத்த உடனே கலைந்து, ஓரிரு நொடியில் தெளிந்தால் லென்ஸ் ஆடுகிறது. இமைத்த உடனே தெளிந்து, நான்கைந்து நொடியில் மங்கினால் பெரும்பாலும் வறட்சி அல்லது லென்ஸில் படிந்த அழுக்கு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். காலையில் ஆட்டமும் மாலையில் வறட்சியும் சேர்ந்தே இருப்பது உண்டு.

இரவு விளக்கு இழுபடுவதும் இதே கதைதான். வெளிச்சம் குறைந்ததும் கண்மணி அகலமாகிறது, பகலில் ஒளிந்திருந்த பிழை இரவில் முழுதாகத் தெரிகிறது. புள்ளி விளக்கு கோடாக இழுபடுவது சிதறலின் பழைய அடையாளம். 1825இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வானியலாளர் தன் இடக் கண்ணுக்கு ஒளிப்புள்ளிகள் கோடாகத் தெரிவதைக் கவனித்து, அளந்து, அதற்கென்றே சிலிண்டர் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டார். நீங்கள் அவிநாசி சாலையில் பார்ப்பது அவர் பார்த்ததைத்தான். லென்ஸ் சரியாகும் வரை இரவில் வண்டி ஓட்டும்போது கண்ணாடியே போடுங்கள். இதில் பிடிவாதம் வேண்டாம்.

அந்த 1.75 விஷயம். கண்ணாடி உங்கள் விழியிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் விழியின் மேலேயே உட்காருகிறது. தூரம் குறையும்போது மைனஸ் பவர் கொஞ்சம் குறைவாகவே தேவைப்படும், பவர் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும். உங்கள் வலக் கண்ணில் ஒரு திசைக்கு மைனஸ் 3.00, மறு திசைக்கு இரண்டும் சேர்ந்து மைனஸ் 5.00. விழிக்கு நேராகக் கணக்கிட்டால் 3.00 என்பது 2.90 ஆகிறது, 5.00 என்பது 4.72. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டர், அது 1.82. மென்மையான டோரிக் லென்ஸ்கள் பொதுவாக 0.75, 1.25, 1.75, 2.25 என்ற படிகளில் வருகின்றன. ஆகவே 1.75 உங்களுக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்ததுபோல்தான். ஆக்சிஸும் பொதுவாக 10 பாகைப் படிகளில் வருவதால் சிலருக்கு ஐந்து பாகை அங்கே இங்கே போகும். உங்கள் 10, 170 இரண்டும் நேராகப் பொருந்திவிட்டன. பெட்டி எண்ணில் கடைக்காரர் மேல் தவறில்லை.

தரை மேடேறியதற்கும் காரணம் உண்டு. சிலிண்டர் கண்ணாடி உருவத்தை ஒரு திசையில் சற்று அதிகமாகச் சுருக்கிக் காட்டும். பல ஆண்டுகளாக உங்கள் மூளை அதைச் சரிசெய்து, கோணலை நேராகப் படித்துப் பழகியிருந்தது. லென்ஸில் அந்தக் கோணல் மிகவும் குறைவு. மூளையோ பழைய திருத்தத்தையே போட்டுக்கொண்டிருந்தது. நேரான தரை சாய்வாகத் தெரிந்தது. மூன்று நாளில் அது பாடத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் லென்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடும்போது முதல் அரைமணி நேரம் இந்தத் தரை விளையாட்டு திரும்ப வரலாம். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் நேரும். மைனஸ் கண்ணாடி பக்கத்தில் பார்க்கும் உழைப்பைக் கொஞ்சம் மிச்சப்படுத்தித் தரும், லென்ஸ் தராது. அதனால் துணி மாதிரிகளின் நிறத்தை ஒப்பிட்டு வெகுநேரம் குனிந்திருந்தால் முதல் வாரங்களில் நெற்றி கனக்கலாம். இதுவும் பழகிவிடும்.

வறட்சிக்கு வருகிறேன். கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைத்தாலும் பாதி இமைதான் மூடுகிறது. குளிர்சாதன அறை மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது. காற்று முகத்தில் நேராக அடிக்கும் இடத்தில் உட்காராதீர்கள், திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருபது நொடி பார்த்து, இமையை முழுதாக மூடி மூடித் திறங்கள். லென்ஸோடு விடலாம் என்று பெட்டியில் எழுதியுள்ள, ரசாயனப் பாதுகாப்பான் சேர்க்காத கண்ணீர்ச் சொட்டை மதியம் ஒருமுறை விடலாம். இன்னொன்று: முதல் நாளிலிருந்தே காலை எட்டு முதல் இரவு எட்டு வரை போட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் முதல் நாள் நான்கு மணி நேரம்தான் கொடுப்பேன், பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி கூட்டி, பத்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போக விடமாட்டேன். கார்னியாவில் ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அந்த வழியில் நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

இன்னும் ஆனி, ஆடிக் காற்றை நீங்கள் லென்ஸோடு பார்க்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் ஸ்கூட்டரில் போகும் உங்கள் முகத்தில் அடிக்கும், மண்ணோடு. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். காற்றில் கண் காய்ந்தால் லென்ஸ் விழியில் ஒட்டும், கோணமும் கெடும். வீட்டுக்கு வந்து அப்படியே பிடுங்கக் கூடாது. இரண்டு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, லென்ஸ் விழியில் மீண்டும் நகர்வதைப் பார்த்த பிறகே கழற்ற வேண்டும்.

திருப்பூருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் ஊரில் எந்த வீட்டில் போய்க் கை கழுவினாலும் துடைக்கப் பனியன் வேஸ்ட் துணியைத்தான் கொடுப்பார்கள். கைக்கு இதம்தான், ஆனால் அதன் பஞ்சு விரல் நுனியில் ஒட்டி, லென்ஸுக்கு ஏறி, கண்ணுக்குள் போய்விடும். முதல் வாரத்தில் "லென்ஸ் உறுத்துகிறது" என்று வருபவர்களின் லென்ஸை விளக்கில் பார்த்தால் பாதிப் பேருக்கு ஒரு பஞ்சு நூல்தான் கிடைக்கும். வாசனையோ எண்ணெய்ப் பசையோ இல்லாத சோப்பில் கழுவி, நூல் பிரியாத பழைய நெசவுத் துணியில் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே லென்ஸைத் தொடுங்கள். தையல் பிரிவுக்குள் போய்வரும் வேலை என்றால், தினமும் தூக்கிப்போடும் வகை லென்ஸைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். செலவு கூடும், ஆனால் தூசி சேர்வதே இல்லை. எங்கள் ஊரில் பஞ்சுக்குப் பதில் மஞ்சள். மஞ்சள் மண்டியில் வேலை பார்ப்பவர் ஒருவர் கை கழுவியும் போகாத மஞ்சளோடு லென்ஸைத் தொட்டுத் தொட்டு, விளிம்பெல்லாம் மஞ்சளாகிய லென்ஸோடு வந்து நின்றார். சமையலுக்கும் இது பொருந்தும்: காலையில் மிளகாயும் மஞ்சளும் தொடுவதற்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வெள்ளிக்கிழமைகளில் குளித்து, தலை துவட்டி, கையின் பிசுக்குப் போன பிறகுதான் லென்ஸ். கண் மை போடுவதானால் லென்ஸ் போட்ட பின். இமையின் உள்விளிம்பில் வேண்டாம்.

போடும்போது டோரிக்கில் கூடுதலாக இரண்டு கவனம். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். குழிக் கிண்ணம்போல் விளிம்பு நேராக நின்றால் சரி, தட்டுபோல் வெளியே விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. மாறிப் போட்டால் உறுத்துவதோடு கோணமும் தவறும். அடுத்து, வலம் இடம் மாறவே கூடாது. உங்கள் ஆக்சிஸ் 10, 170. மாற்றிப் போட்டால் 20 பாகைத் தவறு, பவர் தவறு வேறு. எப்போதும் வலக் கண்ணிலிருந்து தொடங்கும் பழக்கத்தை இன்றே வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு லென்ஸ் தன் கோணத்தில் உட்காரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். அதற்குள் பார்வை சரியில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். படுத்துக்கொண்டு ஒருக்களித்துக் கைபேசி பார்த்தால் சில வடிவமைப்புகள் சாய்வது இயல்பு. அதற்காக லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

இனி நான் சொல்வதில் தளர்வே கிடையாது. லென்ஸிலும் லென்ஸ் டப்பாவிலும் தண்ணீர் படக் கூடாது. சிறுவாணித் தண்ணீராக இருந்தாலும் சரி, போர்வெல் தண்ணீராக இருந்தாலும் சரி. குழாய், கிணறு, ஆறு எல்லாவற்றிலும் வாழும் அகாந்தமீபா என்ற ஓர் உயிரி இருக்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது, லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் இடையில் மாட்டினால் விழியைத் தின்னும். அதன் வைத்தியம் மாதக்கணக்கில் ஓடும், வலி பொறுக்க முடியாதது. கொடிவேரிக்கோ, திருமூர்த்தி மலை அருவிக்கோ, ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கோ போனால் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். வீட்டில் குளிக்கும்போதும் அப்படியே. கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து சொல்யூஷன் விட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் தேயுங்கள். டப்பாவில் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பழையதோடு சேர்த்து நிரப்பக் கூடாது. காலையில் டப்பாவை சொல்யூஷனாலேயே அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள், மூன்று மாதத்துக்குள் டப்பாவையே மாற்றிவிடுங்கள். லென்ஸோடு தூங்கவே கூடாது, மதியக் குட்டித் தூக்கம்கூட.

கண் வலித்தால், சிவந்தால், வெளிச்சம் கூசினால், நீர் கொட்டினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பழகும் விஷயம் அல்ல. உடனே லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் குறையவில்லை என்றால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கோவையில் அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் நல்ல கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள், எந்தக் கிருமி என்று பரிசோதிக்க உதவும். மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டை வாங்கி விடாதீர்கள். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் அந்தச் சொட்டு புண்ணை ஆழமாக்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ எதுவும் வேண்டாம். பாட்டி சொன்னால் அன்போடு மறுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். உங்கள் சிலிண்டர் பவர் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்திருக்கிறதா? கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு அரிப்பு வரும், கசக்கக் கசக்க இதமாக இருக்கும். ஆனால் கண்ணைக் கசக்குவதற்கும் கார்னியா மெலிந்து கூம்பாகும் நோய்க்கும் தொடர்பு உண்டு. அந்த நோயில் முதலில் ஏறுவது சிலிண்டர்தான். எந்த மென்மையான டோரிக் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாலும் எழுத்தில் நிழல் போகாது. பழைய கண்ணாடிச் சீட்டுகள் இருந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறியிருந்தால் கார்னியாவின் மேடுபள்ளத்தைப் படமெடுக்கும் டோபோகிராபி பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வலியில்லாதது, சில நிமிட வேலை. பவர் நிலையாக இருந்தால் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

நாளைக்குக் கடைக்குப் போகும்போது லென்ஸைப் போட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு போங்கள். கழற்றிவிட்டுப் போனால் எதையும் பார்க்க முடியாது. "பழகவில்லை" என்று சொல்லாதீர்கள். "வலக் கண் லென்ஸ் இமைக்கும்போது சுழல்கிறதா, எத்தனை பாகை, நிலையாக நிற்கிறதா, திரும்புகிறதா என்று ஸ்லிட் லாம்பில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஸ்லிட் லாம்ப் இல்லாத கடை என்றால் அது டோரிக் லென்ஸ் கொடுக்க வேண்டிய இடமே அல்ல. பரிசோதகர் இருக்கும் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். ஆடுகிறது என்றால் வேறு வடிவமைப்பில் ஒரு ஜோடி டிரயல் லென்ஸ் கேளுங்கள். அதைப் போட்டு அங்கேயே இருபது நிமிடம் உட்கார்ந்து, அதே விளக்கில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் அலுவலகத்திலும் ஒரு முறையாவது இரவு வெளிச்சத்திலும் போட்டுப் பார்த்த பின்பே பெட்டி வாங்குங்கள். கண்ணாடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.